குடைப்பாட்டுக்கு இரண்டாமிடம்

மகாராணிக்கு ஜீப்பின் முன்சீட்டு கிடைத்தது வாந்தியினால்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மழை ஏமாற்றி ஒரு குறுக்கம் நிலமும் கட்டாந்தரையாகக் கிடந்தபோது, ராசிங்காபுரத்துப் பெண்களோடு சேர்ந்து அவளும் மலைக்கு ஏலக்காய் எடுக்கக் கிளம்பினாள். மலையடிவாரத்து முந்தல் தாண்டி மூன்றாவது வளைவில் ஜீப் திரும்பியதுதான் தாமதம், பின்சீட்டில் எதிரே இருந்தவளின் மடி பாழாயிற்று. அடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் நாள் டிரைவர் விஜயபாண்டி முன்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "யக்கா, நீங்க இங்கிட்டு வாங்க. எம்மேல எடுத்தாலும் பரவாயில்ல" என்றான். பதிமூன்று பெண்களில் ஒருத்தர்கூட மறுபேச்சுப் பேசவில்லை.

முன்சீட்டில் உட்காருகிறவர் மடியில்தான் ஸ்பீக்கர் வயர் வந்து விழும். அதை போனில் செருகுவதும், பாட்டு மாற்றுவதும், சத்தம் குறைக்கச் சொன்னால் குறைப்பதும் அந்தச் சீட்டுக்குரிய சோலி. இப்படியாகப் பாட்டுப் பொறுப்பு மகாராணியிடம் வந்தது.

வந்ததும் தெரிந்தது, அது லேசுப்பட்ட பொறுப்பு இல்லை என்று. ஜீப்புக்குள் அப்போது மூன்று நடிகர்களுக்கு ரசிகைகள் இருந்தார்கள். ஒருவர் படத்துப் பாட்டுக்கு மற்ற இரண்டு கட்சியும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பழைய பாட்டு வைத்தால் இளசுகள் தூங்கும், புதுப் பாட்டு வைத்தால் வயசானவர்கள் காதில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். மேலே போய் இறங்கும்போது யாராவது இருவர் பேசாமல் இருப்பார்கள். மகாராணி இயல்பிலேயே எல்லாருக்கும் நல்லவளாக இருக்க ஆசைப்படுகிறவள். அவளுக்கு அது பெரிய மனக்கஷ்டமாக இருந்தது.

நோய் பரவி ஊர் அடைத்த வருஷம், மலைமேல் கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டு செக்போஸ்ட்டையும் அடைத்தார்கள். மலை வேலை நின்றது. மகாராணி மாதக்கணக்கில் வீட்டில் இருந்தாள். மகள் கார்த்திகா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், போனில் பாடம் நடக்கும். ஒரு மத்தியானம் பாடம் முடிந்து கார்த்திகா போனைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். போன் தன்பாட்டுக்கு ஏதோ ஒரு பாட்டைப் பாட ஆரம்பித்தது. மகாராணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடிப் பக்கத்து அண்ணன் தங்கை இருவர் சேர்ந்து போட்ட ஆல்பம் அது. பெயர் 'உப்பளத்து மதியம்'. ஒரு கிதார், ஒரு டப்பா மேளம், இரண்டு குரல். காலையில் தூக்குச்சட்டியோடு உப்பளத்துக்குப் போகும் ஒருத்தியில் ஆரம்பித்து, சாயங்காலம் அவள் கால் கழுவுகிற வரைக்கும் எட்டுப் பாட்டு. கதாநாயகன் இல்லை, கதாநாயகி இல்லை, யாரும் மலைமேல் ஏறி ஆடவில்லை. கார்த்திகா குளித்துவிட்டு வந்தபோது அம்மா வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, கண்ணு எரியுதா?"

"இத மறுபடி மொதல்லேர்ந்து வையி. நடுவுல நிப்பாட்டாத."

அன்றைக்கு மூன்று தடவை கேட்டாள். கணவன் ராஜாராம் வயலிலிருந்து வந்து, "சாப்பாடு ஆகலையா?" என்று கேட்டபோதுதான் வெங்காயம் ஞாபகம் வந்தது.

செக்போஸ்ட் திறந்து ஜீப் மறுபடி ஓட ஆரம்பித்த முதல் நாள், மகாராணி அந்த ஆல்பத்தைத்தான் வைத்தாள். "என்னத்தடி வச்சிருக்க, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் மாற்றவில்லை. மூன்றாம் நாள் அதே குரல், "அந்தக் கால் கழுவுற பாட்ட வையேன்" என்றது.

அதோடு ஜீப்புக்குள் நடிகர் சண்டை ஒழிந்தது. படத்துப் பாட்டு வேண்டாம், தாங்களாகப் பாட்டுக் கட்டி, தாங்களாகப் பாடி வெளியிடுகிறவர்களின் ஆல்பம் மட்டும் என்று மகாராணி சட்டம் போட்டாள். இரண்டாவது சட்டம், ஆல்பத்தை ஆதியோடந்தமாகக் கேட்க வேண்டும், இடையில் தாண்டக் கூடாது. அதற்கு அந்தப் பாதையே தோதாக இருந்தது. முந்தலில் ஆரம்பித்தால் போடிமெட்டு செக்போஸ்ட்டில் ஒரு ஆல்பம் முடியும். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. முந்தல் வரைக்கும் விஜயபாண்டியின் சாமி பாட்டு, அதில் யாரும் கை வைப்பதில்லை.

பாட்டை அந்தப் பெண்கள் எடைபோட்ட விதமே தனி. மேலே தோட்டத்தில் ஒவ்வொருத்தியும் ஒரு செடியடியில் சாக்கு விரித்து உட்கார்ந்து, தரையோடு தரையாகக் கிடக்கும் சரத்தில் பழுத்த காயாகப் பார்த்துக் கிள்ளி எடுக்க வேண்டும். காலையில் கேட்ட பாட்டு பகல் முழுக்க வாயில் ஓடும். ஓடினால் நல்ல பாட்டு. மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்துபோனால் அது தேறாது. திருப்பூர்ப் பையன்கள் நாலு பேர் பறையும் ராப்புமாகப் போட்ட 'ஷிப்டு முடியுற நேரம்' என்ற ஆல்பத்துக்கு ஜீப்பே ஆடியது. இறங்கும்போது மட்டும் அதை வைக்கக் கூடாது என்று விஜயபாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். "அடி விழுகுறப்ப எல்லாம் எங்காலு தன்னால அழுத்துதுக்கா. பிரேக்கும் அதே காலுதான்."

டிசம்பர் கடைசி வேலைநாளில் இறங்கும்போது ஓட்டெடுப்பு. பதிமூன்று பெண்கள், டிரைவர் ஒருவன், ஆக பதினாலு ஓட்டு. அந்த வருஷம் கேட்டதில் பிடித்த பத்து ஆல்பத்தை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி மகாராணி சொல்ல, கார்த்திகா அதை அப்படியே இன்ஸ்டாகிராமில் போடுவாள். 'ராசிங்காபுரம் ஜீப்பு: இந்த வருசப் பத்து' என்று தலைப்பு. முதல் வருஷம் கார்த்திகாவின் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் பார்த்தார்கள். இரண்டாம் வருஷம் தூத்துக்குடி அண்ணன் தங்கையே பார்த்துவிட்டு, 'அக்காக்கள் எல்லாருக்கும் எங்கள் வணக்கம்' என்று எழுதியிருந்தார்கள். மகாராணி அதை யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பீற்றிக்கொள்வதாக நினைப்பார்கள் என்று முடிவுசெய்து ஜீப்பில் ஏறினாள். முந்தல் வருவதற்குள் பதிமூன்று பேருக்கும் சொல்லியாகிவிட்டது.

நாலாவது வருஷம் ஐப்பசி மழையில் வந்து சேர்ந்தது 'அடிவாரச் சுனை'. கோயம்புத்தூர்ப் பெண் ரேணுகா பாடியது. மூன்று வருஷம் மலையோர ஊர்களில் அலைந்து, ஜனங்கள் வாயில் இருக்கும் பாட்டுகளைச் சேகரித்து, புது வாத்தியங்களோடு பதிவுசெய்திருந்தாள். ஏழு பாட்டு. மகாராணி முதல்நாள் சாயங்காலம் இறக்கி வைத்ததோடு சரி, முன்கூட்டிக் கேட்கவில்லை. ஜீப்பில்தான் முதல் தடவை கேட்பது அவள் வழக்கம்.

நாலு பாட்டு நன்றாகப் போயிற்று. ஐந்தாவது, வயலினைப் போல இருந்தாலும் அதைவிட ஆழமான ஏதோ ஒரு வாத்தியத்தோடு ஆரம்பித்தது. அடிவயிற்றிலிருந்து யாரோ முனகுகிற மாதிரி இருந்தது. ரேணுகா மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பாடினாள்:

*மேகம் இறங்குதடி மேட்டுக் காட்டுல – எம்*
*மேலெல்லாம் ஈரமடி ஏலக் காட்டுல*
*குடை பிடிச்சு நின்னாரே கொஞ்சி வந்த மச்சான் – அந்தக்*
*குடை மட்டும் போகுதடி கூப்பிட்டும் கேக்காம.*

வெளியே மழை. கண்ணாடியில் துடைப்பான் இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது. ஜீப்பில் இளையவளான சுகன்யா மூக்கை உறிஞ்சினாள். கல்யாணமான மூன்றாம் மாதமே புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான். மகாராணி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். இரண்டாவது அடி வந்தது:

*ஓடையில தேடினேன் ஒரு மணி நேரம் – அங்க*
*ஒத்தக் கம்பி வந்ததடி ஊமையாட்டம்.*

அப்போதுதான் மகாராணிக்குச் சுரீரென்றது. இந்த ஓடை தெரிந்த ஓடை. இந்தக் கம்பியும் தெரிந்த கம்பி. திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டில் கம்பியோரம் எப்போதும் உட்காரும் சுப்புத்தாய், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். விஜயபாண்டி வளைவு தாண்டி ஓரமாக ஜீப்பை நிறுத்தினான்.

"யக்கா," என்றான் மெதுவாக. "இது நம்ம குஞ்ஞப்பன் சேட்டன் குடை இல்ல?"

 பின்னால் யாரோ 'களுக்'கென்றார்கள். அப்புறம் ஜீப்பே குலுங்கியது. அழுதுகொண்டிருந்த சுகன்யாவுக்கு அழுகையை நிறுத்தவும் தெரியவில்லை, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை. பின்னால் வந்த லோடு வண்டிக்காரன், ஏதோ விபத்தாக்கும் என்று இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போனான்.

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதம். பெண்கள் எல்லாரும் பிளாஸ்டிக் தாளைத் தலையில் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு, அட்டைக்கடியோடு செடியடியில் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்து சூப்பர்வைசர் குஞ்ஞப்பன் சேட்டன் மட்டும் பெரிய கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்று, "வேகம், வேகம்" என்று விரட்டிக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரம் ஒரு காற்று. குடை மேல்நோக்கி மடங்கி, அவர் கையைவிட்டுப் பறந்து, சரிவில் உருண்டு ஓடியது. சேட்டன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைக் கூப்பிட்டபடியே பின்னால் ஓடினார். ஒரு மணி நேரம் கழித்து ஓடையிலிருந்து ஏறி வந்தபோது கையில் ஒரே ஒரு குடைக்கம்பி இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கு இறங்கும்போது ஜீப்பில் அந்தப் பாட்டு பிறந்தது. 'குடை பிடிச்சு நின்னாரே குஞ்ஞப்பன் சேட்டன்' என்பதுதான் அசல் வரி. கைதட்டி, ஓட்டமாகப் பாடவேண்டிய பாட்டு. ஒரு மழைக்காலம் முழுக்கப் பாடினார்கள், பக்கத்துத் தோட்டங்களுக்கும் போயிற்று. அதை முதலில் யார் பாடியது என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மகாராணியும்தான்.

அன்று மத்தியானம் அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு சுப்புத்தாய் உட்கார்ந்திருந்த செடியடிக்குப் போனாள். சுப்புத்தாய்க்கு ஐம்பது வயது இருக்கும். எண்ணிப் பேசுகிறவள். ஓட்டெடுப்பில்கூடக் கையை மட்டும் தூக்குவாள்.

"மதினி, அந்தக் குடைப்பாட்டு நீங்க கட்டுனதுதான?"

"ஆமா."

"சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கலையே."

மகாராணி தூக்குச்சட்டியை மூடி வைத்தாள். நாலு வருஷமாக எங்கெங்கோ இருக்கிறவர்கள் பாட்டையெல்லாம் இது ஒசத்தி, இது மட்டம் என்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் நாலடி தூரத்தில் ஒருத்தி பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தது அவள் காதில் ஏறவில்லை.

"இன்னும் இருக்கா மதினி?"

"ஆளுக்கு ஒண்ணு இருக்கும்" என்றாள் சுப்புத்தாய், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே. "விஜயபாண்டி மேல ரெண்டு. ஒம்மேலயும் ஒண்ணு உண்டு. முன்சீட்டுக்கு எப்படி வந்தேன்னு."

மகாராணி அதைப் பாடச் சொல்லி மன்றாடினாள். பாடியதும், ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. ஆனால் அன்று முழுக்க அவள் வாயில் ஓடியதும் அதுதான்.

சாயங்காலம் வீட்டில் கார்த்திகா அந்த ஆல்பத்தோடு ரேணுகா எழுதியிருந்த குறிப்பை வாசித்துக் காட்டினாள். ஐந்தாம் பாட்டுக்குக் கீழே இப்படி இருந்தது: 'சாந்தன்பாறைப் பக்கம் பெரியம்மாள் என்ற மூதாட்டி பாடக் கேட்டது. தன் தாயார் காலத்துப் பாட்டு என்றார். நூறாண்டுப் பழமை இருக்கலாம். இயற்றியவர் பெயர் தெரியவில்லை. பிரிந்துபோன காதலனைக் குடையாக உருவகிக்கும் ஒப்பாரி இது. ஒற்றைக் கம்பி என்பது அவன் இறப்பைச் சொல்லி வந்த தந்தியாக இருக்கக்கூடும்.'

ராஜாராம் கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். பாட்டு என்றால் இரண்டாவது வரியில் தூங்குகிற மனிதன். "தந்தியா?" என்றான். "குஞ்ஞப்பன் செத்தா போனாரு? போன வாரம்கூட பூப்பாறையில பொறோட்டா தின்னுக்கிட்டு இருந்தாரே."

மகாராணிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. 'பெயர் தெரியவில்லை' என்ற இடம்தான் முள்ளாகக் குத்தியது. உடனே எழுதிக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். பிறகு, படித்த பெண், பெரிய ஊர்க்காரி, காய் எடுக்கிறவள் சொன்னால் எடுபடுமா என்று தயங்கினாள். மறுநாள் சுப்புத்தாயிடம் சொன்னபோது அவள், "சண்டைக்கெல்லாம் போகாத. அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும், பெரியம்மா சொன்னதத்தான எழுதுச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

டிசம்பர் கடைசி நாள் வந்தது. செக்போஸ்ட் தாண்டியதும் ஓட்டெடுப்பு ஆரம்பமாயிற்று. முதலிடம் பற்றித் தகராறு இல்லை. திருப்பூர்ப் பையன்களின் இரண்டாவது ஆல்பம் ஏகமனதாக வந்தது. 'அடிவாரச் சுனை'க்கு வந்ததும் ஜீப் இரண்டாகப் பிரிந்தது.

"அத லிஸ்ட்டுலயே சேக்கக் கூடாது" என்றாள் கருத்தம்மாள். முதன்முதலில் எழவு வீடு என்று சொன்னவள் அவள்தான். "நம்ம பாட்ட எடுத்துட்டு, ஆரு பெத்ததுன்னு தெரியாதுங்குறா."

"நல்லா இருந்துச்சுல்லக்கா, நான் அழுதேன்ல" என்றாள் சுகன்யா.

"நீ எதுக்குத்தான் அழுகல?"

விஜயபாண்டி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "பாட்டு வேற, எழுதி வச்சது வேறக்கா. பாட்டுக்கு நான் ஓட்டுப் போடுறேன்" என்றான். எண்ணிப் பார்த்தால் சேர்க்கலாம் என்று ஏழு, கூடாது என்று ஆறு. சுப்புத்தாய் மட்டும் கையே தூக்கவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "நல்லாத்தான் பாடியிருக்கு. நான் கட்டும்போது அதுல இம்புட்டு அழுகை இருக்குன்னு எனக்கே தெரியாது. ஆனா குடை ஓடுற எடத்துல அது ஓடல. நின்னுருச்சு. அதுனால ரெண்டாவது."

அப்படியே எழுதப்பட்டது. இரண்டாமிடத்துக்கு எதிரே மகாராணி சொல்லச் சொல்லக் கார்த்திகா தட்டினாள்: 'ஏழு பாட்டும் கேட்டோம். ஏழும் நல்லா இருக்கு. அஞ்சாவது பாட்டுக் கட்டுனவுக செத்துப் போகல. பேரு சுப்புத்தாய், ராசிங்காபுரம், எங்க ஜீப்புல பின்சீட்டுல கம்பியோரம் உக்காந்து வர்றாக. அது ஒப்பாரி இல்ல, கேலிப்பாட்டு. கம்பின்னா குடைக்கம்பி. குடைக்காரரும் சௌக்கியமா இருக்காரு. வந்தா காட்டுறோம்.'

"கடைசி வரி வேணுமாம்மா?" என்றாள் கார்த்திகா.

"இருக்கட்டும். வந்தா வரட்டும்."

மூன்றாம் நாள் காலை, மகாராணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத நம்பர்.

"அக்கா, நான் ரேணுகா பேசறனுங்க. கோயம்புத்தூர்லருந்து." குரல் பாட்டில் கேட்டதைவிடச் சின்னதாக இருந்தது. "நீங்க எழுதினதைப் படிச்சேன். நேத்தெல்லாம் எனக்குச் சோறே இறங்கலைங்க்கா. தந்தின்னு வேற எழுதி வச்சேன்."

திட்டுவதற்கு மகாராணி மூன்று நாளாகச் சொல் சேர்த்து வைத்திருந்தாள்.  "அது பரவாயில்ல ஆத்தா" என்றாள். "சாப்புடு மொதல்ல."

"சுப்புத்தாய் அம்மா எம்மேல கோவமா இருக்காங்களா?"

"கோவமா இருந்தா ரெண்டாமிடம் குடுப்பாகளா? மொதல்ல பேர மாத்திப் போடு. அப்புறம் பொங்கல் முடிஞ்சு ஒருக்கா வா. அசலக் கேட்டுப் பாரு."

அன்று சாயங்காலத்துக்குள் பெயர் மாறிவிட்டது. 'பாட்டு: சுப்புத்தாய், ராசிங்காபுரம்' என்று போட்டு, தன் தவறையும் மறைக்காமல் கீழே எழுதியிருந்தாள் ரேணுகா. மறுநாள் ஜீப்பில் கார்த்திகா அனுப்பிய படத்தைக் காட்டியபோது, சுப்புத்தாய் கண்ணாடி இல்லாமல் போனைத் தூரமாகவும் கிட்டமாகவும் பிடித்துப் பார்த்தாள். "ஊர்ப் பேரும் போட்டுருக்கு" என்று மட்டும் சொன்னாள். பிறகு முந்தல் வரைக்கும் போனைத் திருப்பித் தரவில்லை.

பொங்கல் முடிந்து நாலாம் நாள் ரேணுகா வந்தாள். ஒல்லியான பெண், முதுகில் ஒரு பெட்டி, கையில் பஞ்சு உறை போட்ட மைக். விடிகாலைக் குளிரில் பல் கிட்டிக்க, ஜீப் கிளம்பும் கடைவாசலில் நின்றாள். முதல் இரண்டு வளைவிலேயே அவள் முகம் பச்சை பூத்ததைப் பார்த்து மகாராணி பதறிப்போய்த் தன் இடத்தைக் கொடுத்தாள். அதனால் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மகாராணி பின்சீட்டில், சுப்புத்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து மலையேறினாள். பயந்தபடி ஒன்றும் ஆகவில்லை. வயிறு எப்போதோ சரியாகியிருந்தது, அவள்தான் சோதித்துப் பார்க்கவில்லை.

"பாடுங்க மதினி" என்றாள்.

சுப்புத்தாய் தொண்டையைச் செருமினாள். பிறகு ஜீப்பின் தகரத்தில் கையால் தட்டி ஆரம்பித்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். குடை பறக்கிற இடத்தில் பாட்டு இரண்டு மடங்கு வேகமானது, 'சேட்டா சேட்டா வேட்டியப் பிடி' என்று ஆல்பத்தில் இல்லாத ஒரு அடி வந்தது. முன்சீட்டில் ரேணுகா மைக்கைப் பின்னால் நீட்டியபடி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்ததும், "நான் ஒண்ணுமே புரிஞ்சுக்கலைங்க்கா" என்றாள்.

தோட்டத்தில் செய்தி எப்படியோ எட்டியிருந்தது. குஞ்ஞப்பன் சேட்டன் ஸ்டோர் வாசலில் சலவை வேட்டியோடு காத்திருந்தார். பெண்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்தார்கள். ஆறு வருஷமாக அந்தப் பாட்டு அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

"என்டெ குடையப் பத்தி பாட்டு உண்டென்னு கேட்டு" என்றார் அவர், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

சுப்புத்தாய்தான் முன்னால் வந்தாள். "ஆமா சேட்டா. நான் கட்டுனது."

"ஞான் ஓடியது சரி. கம்பி கிட்டியதும் சரி. பக்ஷே அது சாதாரணக் குடையல்லா. என்டெ அளியன், பொண்டாட்டி தம்பி, துபாயில நின்னு கொண்டுவந்த குடையாணு. அது பாட்டுல இல்லல்லோ?" அவர் ரேணுகா பக்கம் திரும்பினார். "பின்னே, அந்த மச்சானை எடுத்துட்டு என் பேரை வைக்கணும். குஞ்ஞப்பன். ரெண்டு 'ஞ' உண்டு, கவனிக்கணும்."

சுப்புத்தாய் நின்ற நிலையில், 'துபாய்க் குடை தூரம் போச்சு' என்று ஒரு அடி சேர்த்தாள். சேட்டன் தலையை ஆட்டி, திருப்தியாக உள்ளே போனார். அன்றைக்கு அவர் "வேகம்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று பிற்பாடு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ரேணுகா புதுப் பதிவை வெளியிட்டபோது, பழைய சோகப் பாட்டை எடுத்துவிடவா என்று கேட்டாள். சுப்புத்தாய் சம்மதிக்கவில்லை. "அதுவும் கெடக்கட்டும் தாயி. அழுகணும்னு இருக்கவுகளுக்கு ஒண்ணு வேணும்ல" என்றாள்.

இப்போது சுப்புத்தாயின் பாட்டுகளே ஒரு ஆல்பமாக வரப்போகின்றன. ரேணுகா மாதம் ஒருமுறை வந்து பதிந்துகொண்டு போகிறாள். அது லிஸ்ட்டில் சேராது என்று மகாராணி முதலிலேயே சொல்லிவிட்டாள். சொந்த ஜீப்பு ஆல்பத்துக்குச் சொந்த ஜீப்பு ஓட்டுப் போட்டால் ஊர் சிரிக்கும். கருத்தம்மாள் அதற்காக ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தாள்.

போன மாதம், பதிந்தவரைக்கும் ஆறு பாட்டை ரேணுகா அனுப்பியிருந்தாள். ஏறும்போது எல்லாருமாகக் கேட்டார்கள். செக்போஸ்ட்டில் ஜீப் நின்றதும் சுப்புத்தாய் பின்னாலிருந்து மகாராணியின் தோளைத் தட்டினாள். எப்படி இருக்கு என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. பார்த்தாள்.

மகாராணி நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எல்லாருக்கும் நல்லவளாக இருக்கிற பழைய மகாராணி அதைத்தான் சொல்லியிருப்பாள். "அஞ்சு பாட்டு அருமையா இருக்கு மதினி" என்றாள். "நாலாவது மட்டும் நீளம். ஒம்பதாவது வளைவுல ஆரம்பிச்சது, முடியவே மாட்டேங்குது. கேக்குறவுக மனசு அதுக்குள்ள எறங்கி நடந்து போயிருது."

 சுப்புத்தாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே பார்க்கத் திரும்பிவிட்டாள். அன்று மத்தியானம் தனியாகச் சாப்பிட்டாள். மறுநாளும் பேசவில்லை. மகாராணிக்கு இரண்டு ராத்திரி சரியான தூக்கமில்லை, ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் அவள் சரத்தில் கையை விட்டுக் காய் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்துச் செடியடியில் சாக்கு விரிக்கும் சத்தம் கேட்டது. சுப்புத்தாய் உட்கார்ந்து, பக்கெட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். நாலைந்து காயைக் கிள்ளிப் போட்டபின், நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"சரி, எந்த அடிய எடுக்கணுங்கிற? சொல்லு பாப்போம்."